முதுகில் கூடை, வயிற்றில் பிள்ளை, இடுப்பில் தண்ணீர்க் குடம்



சில மாதங்களுக்கு முன் எங்கள் பிரதேசத் தோட்டமொன்றில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நடந்தது. நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, திரிபோஷா கொடுத்து முடிந்தபின், வெளியிலிருந்து வந்திருந்த ஒரு தங்கச்சி இடுப்புவலி பற்றி அரைமணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். கடைசியில், "வாரத்தில் ஒரு நாளாவது நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நடங்கள், காலை மெல்ல வீசுங்கள், கையை விரித்து மடக்குங்கள், இடுப்புவலி குறையும்" என்றார். வாங்குகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு அக்கா எழுந்து, "மிஸ், குளிக்கவே பீலியில தண்ணி ஒழுங்கா வரல. நெஞ்சளவு தண்ணிக்கு நாங்க எங்க போறது?" என்று கேட்டுவிட்டார். தங்கச்சியின் முகம் வாடிப்போயிற்று.

அந்தத் தங்கச்சி மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. எங்கள் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தப் பக்கத்தை எடுத்தோம். ஆனால் முதலில் அவர் சொன்னது ஏன் சரி என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சிரித்துவிட்டுப் போனால் நட்டம் நமக்கே.

பிள்ளை வளர வளரத் தாயின் நிறை பத்து, பன்னிரண்டு கிலோ கூடுகிறது. அந்தப் பாரம் முழுவதும் முன்பக்கம். உடம்பு முன்னால் சாயாமல் இருக்க, நாரி பின்பக்கமாக வளைந்து இழுத்துப் பிடிக்கிறது. அதோடு, பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக உடம்பில் சுரக்கும் ஒருவகைச் சுரப்பு, இடுப்பெலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களை இளக்கிவிடுகிறது. கட்டு இளகிய இடத்தில் பாரம் கூடினால் வலிக்காமல் என்ன செய்யும்? உலகத்தில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இந்த வலி வருகிறது. மாளிகையில் இருப்பவளுக்கும் வரும். இது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை. இதைத் துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும் ஒருமுறை உரக்க வாசித்தால் நல்லது.

தண்ணீர் என்ன செய்கிறது? நம் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவளின் காலும் நாரியும் தாங்குவது அவளுடைய நிறையில் ஏறத்தாழப் பாதியை மட்டும். நெஞ்சளவு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அறுபது கிலோ நிறையுள்ள ஒரு தாய் அங்கே இருபது கிலோவைத் தாங்கினால் போதும். மிச்சத்தைத் தண்ணீர் சுமக்கிறது. நாரி இளைப்பாறுகிற அந்த நேரத்தில் தசைகள் வேலை செய்து பலப்படுகின்றன. கால் வீக்கமும் குறைகிறது. சுவீடன் நாட்டில் 390 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தரையிலும் மற்றதற்குத் தண்ணீரிலும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. தண்ணீரில் செய்தவர்களுக்கு இடுப்புவலி குறைவாக இருந்தது. அந்த வலிக்காக அவர்கள் எடுத்த சுகவீன விடுமுறையும் குறைவாக இருந்தது.

கடைசி வசனத்தை இன்னொருமுறை வாசியுங்கள். அந்த நாட்டில் இடுப்புவலிக்குச் சுகவீன விடுமுறை இருக்கிறது. அது எத்தனை நாள் என்று எண்ணி, குறைந்ததா கூடியதா என்று ஆராய்ச்சியும் செய்கிறார்கள். நம் தோட்டத்தில் அதே வலிக்கு என்ன கிடைக்கிறது?

ஏழாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் பிரட்டுக்களத்தில் கேட்டதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம். "ஐயா, நாரி விட்டுப்போகுதுங்க. மேல் மலைக்கு ஏற முடியல. கீழ எங்கயாச்சும் போடுங்க." பதில் இது: "முடியலன்னா வீட்ல இரு புள்ள. இல்லன்னா அரைப்பேர் எடுத்துக்க. எனக்கு மேல சொல்லியிருக்கிறது கிலோ." அவள் மேல் மலைக்கு ஏறினாள். அரைப்பேர் வாங்கிக்கொண்டு அந்த மாதக் கடைக்கணக்கை எப்படிக் கட்டுவது? தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவளைத் தேடிப் பிடிப்பார்கள் என்பது ஒரு காரணம். எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பது மற்றது.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைகழுவின. அதன்பின் பல தோட்டங்களில் கிலோ அளவு நிர்வாகத்தின் விருப்பப்படி ஏறிற்று. பதினாறு கேட்ட இடத்தில் பதினெட்டு, பதினெட்டு கேட்ட இடத்தில் இருபது. அந்தக் கிலோவுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கூடைக்கயிறு தலையில், கூடை முதுகில், பிள்ளை வயிற்றில். முன்பாரமும் பின்பாரமும் நாரியில் வந்து சேர்கின்றன. இப்போது கூடைக்குப் பதில் பை வந்துவிட்டது, இலேசு என்கிறார்கள். பை இலேசுதான், உள்ளே போகிற கொழுந்து அதே கொழுந்து. மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும். கொழுந்து மடுவத்தில் தராசு போடும்போது அந்த ஈரத்துக்கென்று இரண்டு, மூன்று கிலோ கழித்துவிடுகிறார்கள். கழிக்கப்பட்ட அந்தத் தண்ணீரை மலையிலிருந்து மடுவம்வரை சுமந்தது யார்? தராசில் இல்லாத தண்ணீர் முதுகில் மட்டும் இருந்ததா?

வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் அடுத்த சுமை. குழாய் வராத லயங்களில் பீலிக்குப் போக வேண்டும். இருபது லீட்டர் கேன் என்றால் இருபது கிலோ. சமைக்க, கழுவ, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எத்தனை நடை? மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் தண்ணீர் நாற்பது கிலோவை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இங்கே நாம் தண்ணீரிடமிருந்து இருபது கிலோவை வாங்கி மேட்டில் ஏற்றுகிறோம்.

இத்தனைக்கும் தண்ணீர் இல்லாத நாடா இது? மகாவலியும் களனி கங்கையும் பிறப்பது இந்த மலையில்தான். காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை என்று நம் லயங்களின் கண்முன்னே நீர்த்தேக்கங்கள் நிறைந்து கிடக்கின்றன. அந்தத் தண்ணீர் கீழே இறங்கி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. பழைய துரை பங்களாக்கள் சில இப்போது சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. அவற்றில் நீச்சல் தடாகம் இருக்கிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதில் மிதந்துகொண்டே, எதிர்மலையில் நம் பெண்கள் கொழுந்து எடுப்பதைப் படம் பிடிக்கிறார்கள். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எத்தனையாம் மாதம் என்று படத்தில் தெரியாது.

இதைச் சொன்னதற்காக எந்தத் தாயும் நீர்த்தேக்கத்திலோ ஆற்றிலோ இறங்கிவிடக் கூடாது. அவை ஆழமானவை, அடி வழுக்கும், திடீரென்று நீர்மட்டம் மாறும். மலையில் அடித்த மருந்து மழையோடு ஓடி வருவதும் அங்கேதான். நம் மலைத் தண்ணீரின் குளிரில் தசை இளகாது, இறுகும். தண்ணீர்ப் பயிற்சி என்றால் சுத்தமான, இதமான சூடுள்ள, அளவு தெரிந்த தடாகத்தில், பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கும்போது செய்வது. அது இன்று நமக்கு இல்லை. நாளை வராது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நகரத்து ஆதார வைத்தியசாலையில் அப்படி ஒரு சிறு தடாகம் கட்டினால் நாடு கடனில் மூழ்கிவிடாது. ஆனால் அதுவரை காத்திருக்க நம் பெண்களின் நாரிக்கு நேரமில்லை.

நாங்கள் கேட்பது வேறு. தண்ணீர் செய்கிற வேலையைத் தோட்டம் செய்யட்டும். பாரத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

இது பிச்சையில்லை, சட்டம். தோட்டத் தொழிலுக்கென்றே சர்வதேச தொழில் அமைப்பு 1958இல் ஏற்படுத்திய 110ஆவது சமவாயம், மகப்பேற்று விடுமுறைக்கு முந்திய காலத்தில் கர்ப்பிணிப் பெண்ணைத் தீங்கான எந்த வேலையும் செய்யச் சொல்லக் கூடாது என்கிறது. இலங்கை அதை 1995இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலும், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதியான வேலையில் அவளை அமர்த்தக் கூடாதென்ற ஏற்பாடு பின்னாளில் சேர்க்கப்பட்டது. அப்படியானால் ஏழாம் மாதத்தில் ஈரக் கொழுந்தைச் சுமந்துகொண்டு செங்குத்தான மலையில் இறங்குவது கெடுதியா இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு எந்த நிர்வாகமாவது எழுத்தில் பதில் தரட்டும். இல்லை என்று எழுதித் தந்தால் அதைத் தொழில் திணைக்களத்துக்கு நாங்களே கொண்டுபோகிறோம்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க பிள்ளை பிறக்கிற அன்னிக்கும் மலைக்குப் போனாங்க" என்று சொல்பவர்கள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். போனார்கள், உண்மை. மலையிலேயே பெற்றவர்களும் உண்டு. அப்படிப் பெற்ற எத்தனை பிள்ளைகள் தங்கின, எத்தனை தாய்மார் திரும்பி வந்தார்கள் என்பதை அந்தக் கிழவிகளிடமே கேளுங்கள். சொல்வார்கள். ஐம்பது வயதில் கூனி நடக்கிற நம் அம்மாமாரின் முதுகையும் ஒருமுறை பாருங்கள்.

"மலையேறி இறங்குவதே பெரிய பயிற்சிதானே, இன்னும் என்ன பயிற்சி?" என்று ஒரு துரை கேட்டாராம். பயிற்சி என்பது உடம்பு கேட்கிற அளவுக்குச் செய்து, வலித்தால் நிறுத்துவது. கொழுந்தெடுப்பில் யார் நிறுத்த விடுகிறார்கள்? குனிந்து, எட்டி, ஒரு பக்கம் திரும்பி, முதுகில் பாரத்தோடு எட்டு மணி நேரம் ஒரே அசைவு. அதைப் பயிற்சி என்றால் செக்கு மாடு செய்வதும் பயிற்சிதான்.

இனி நம் வீட்டுக் குற்றத்துக்கு வருவோம். சந்தாப் பணத்தில் பெரும்பங்கு பெண்களின் நாட்சம்பளத்திலிருந்து வருகிறது. பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர்களில் கூடை சுமந்தவர்கள் எத்தனை பேர்? சம்பளம் பேசினோம், முற்பணம் பேசினோம், வீடு பேசினோம். கர்ப்பிணிக்குக் கிலோ எவ்வளவு என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பேசினோமா? நாங்கள் பேசவில்லை. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாங்களும் ஆம்பளைத் தலைவர்களின் பழக்கத்தில், இது பொம்பளைச் சமாச்சாரம், டிஸ்பென்சரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். டிஸ்பென்சரியில் என்ன கிடைத்தது? இரண்டு பனடோல்.

வீட்டு ஆண்களே, உங்களுக்கும் ஒரு சொல். அவளுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கினால் பீலிக்குப் போவது உங்கள் வேலை. விறகும் உங்கள் வேலை. மகன் இருந்தால் அவனும் தூக்கட்டும். கேனைத் தூக்கினால் மீசை உதிராது. நிர்வாகத்திடம் பாரத்தைக் குறை என்று கேட்கிற வாயால், வீட்டில் "தண்ணி எடுத்துட்டு வா" என்று சொல்ல முடியாது.

நிர்வாகங்களின் முன் நாங்கள் வைப்பது இதுதான். கிளினிக் அட்டையில் கர்ப்பம் பதியப்பட்ட நாளிலிருந்து அவளுக்குக் கீழ் மலை, பாதைக்கு அண்மையான நிரை. கொழுந்தை அவள் மடுவத்துக்குச் சுமக்கக் கூடாது, நிரையின் முடிவில் வந்து வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் மாதத்திலிருந்து கிலோக் கணக்கு இல்லாமல் முழுப்பேர். அரைப்பேரோடு கொடுக்கிற இலகு வேலை இலகு வேலை ஆகாது, அது தண்டனை. நாற்று மேடையில் போடுகிறோம் என்பார்கள். நல்லது, ஆனால் நாள் முழுவதும் குந்தியிருந்து மண்பை நிரப்பச் சொன்னால் நாரி அங்கேயும் விட்டுப்போகும். உட்காரப் பலகை வேண்டும், மணிக்கொருமுறை எழுந்து நடக்க விட வேண்டும். மருந்தடிக்கிற பக்கம் அவளை அனுப்பவே கூடாது. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்பதை எத்தனை வருடமாகக் கேட்கிறோம் என்று எண்ணவே அலுப்பாக இருக்கிறது. இந்தமுறை அதைக் கர்ப்பிணிகளின் கணக்கிலும் சேர்த்துக் கேட்கிறோம்.

முடியாது என்பார்கள். முடியாது என்று சொன்னவை முன்பும் முடிந்திருக்கின்றன. 2018 வரை, இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பிரசவத்துக்கு ஆறு வார விடுமுறைதான். மூன்றாவது பிள்ளையைப் பெறுவது சுலபம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம் ஆயிற்று. இன்றைக்கும் பழைய கணக்கைச் சொல்லி ஆறு வாரத்தில் வேலைக்குக் கூப்பிடுகிற தோட்டம் இருந்தால் உடனே எங்களுக்கு அறிவியுங்கள்.

தண்ணீர் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியதையும் எழுதிவிடுகிறோம். தரையில் செய்யும் பயிற்சியும் வலியைக் குறைக்கும். பாயை விரித்து, குழந்தை தவழ்வதுபோல் கையையும் முழங்காலையும் ஊன்றுங்கள். பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மெல்ல மேலே வளைத்து, மூச்சை விட்டு, மறுபடி நேராக்குங்கள். கீழே தொய்ய விடாதீர்கள். பத்துத் தடவை போதும். அந்த நிலையில் வயிற்றுப் பாரம் நாரியிலிருந்து இறங்கி முன்னால் தொங்குவதால், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கி நின்று, நாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அழுத்தி மூடிப் பாருங்கள். படுக்கும்போது இடது பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையோ மடித்த பழைய கம்பளியோ வையுங்கள். எதைச் செய்யத் தொடங்குமுன்னும் உங்கள் மருத்துவிச்சி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரத்தக் கசிவு, பிரஷர் என்று சிலருக்கு இவை ஆகாது.

எல்லா இடுப்புவலியும் இந்த வலியில்லை. வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்தாலும், நீர் போனாலும், இரத்தம் பட்டாலும், காய்ச்சலோடு மூத்திரம் எரிந்தாலும், கால் மரத்துப் போனாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் பயிற்சியும் வேண்டாம், பனடோலும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். லொறி இல்லை, டிரைவர் இல்லை என்று நிர்வாகம் சொன்னால் முச்சக்கர வண்டி பிடியுங்கள். பற்றுச்சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசை நாங்கள் கேட்டு வாங்குகிறோம்.

கர்ப்பிணியாக இருந்து அரைப்பேர் போடப்பட்டவர்கள், மேல் மலைக்கு அனுப்பப்பட்டவர்கள், கிளினிக் அட்டையின் பிரதியையும் செக்ரோலில் பேர் விழுந்த விவரத்தையும் உங்கள் தோட்டத்து மாதர் சங்கத் தலைவியிடம் கொடுங்கள். திகதி, மலையின் இலக்கம், அன்று கேட்ட கிலோ, கழித்த கிலோ எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கட்டும். எழுத முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பெயரை வெளியிட மாட்டோம். எல்லாத் தோட்டத்துத் தாள்களும் வந்து சேர்ந்ததும், அவற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டு தொழில் ஆணையாளரிடம் போகிறோம். கூடை சுமந்த பெண்கள் மூவராவது அந்த அறைக்குள் எங்களோடு வருவார்கள். பேசப்போவதும் அவர்கள்தான்.